தருமப்பர் தாமே தோண்டிய வீடு

உங்களைச் சிரிக்க வைக்கிறேன் என்று வாக்குக் கொடுக்கிறேன். வயிறு வலிக்கிற சிரிப்பு. ஆனால் இப்போது இல்லை. இப்போதே பல்லைக் காட்டுகிறவர்கள் வாயை மூடுங்கள். அதற்குமுன் கொஞ்சம் கோபப்பட வேண்டியிருக்கிறது.

ஆறுகள் நினைத்த பக்கமெல்லாம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் கொடிமங்கலம் என்றொரு ஊர் இருந்தது. அதற்கு ஒரு ராஜாவும் இருந்தார். அவர் இந்தக் கதையில் வரமாட்டார். தூங்குகிறார். தூங்கட்டும்.

அந்த ஊரில் தருமப்பர் என்று ஒரு பெரிய மனிதர். வீடு வாங்கி விற்பது அவர் தொழில். அவர் குரல் இருக்கிறதே, நெய்யில் ஊறிய அதிரசம். அவர் பேசும் இடம் வந்தால் மூக்கைக் கொஞ்சம் அடைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் ஜவ்வாக இழுத்துச் சொல்லிப் பாருங்கள்: "தாயீ... இது வீடா? கோயில் தாயீ, கோயில்!"

அந்தக் கோயில் குளக்கரைத் தெருவில் இருந்தது. சுண்ணாம்பு அடித்து, முட்டை ஓடு மாதிரி வெள்ளை வெளேர். உள்ளே எந்நேரமும் சாம்பிராணிப் புகை. ஆளே குடியில்லாத வீட்டில் எதற்கு இத்தனை சாம்பிராணி? யாரும் கேட்டதில்லை.

கொடிமங்கலத்தார் வீடு வாங்கும்போது மூன்று சோதனை வைப்பார்கள். வாசல் கிழக்கே பார்க்கிறதா? நடுவீட்டில் நிற்கும்போது பல்லி சொல்கிறதா? கன்றோடு பசுவை விட்டால் தயங்காமல் உள்ளே போகிறதா? மூன்றும் சரி என்றால் வெற்றிலை மாற்றிக்கொள்வார்கள். மாற்றியபின் வாங்குகிறவன் பின்வாங்கக் கூடாது. பின்வாங்கினால் ஊரில் எவனும் அவனுக்கு அடுப்பு மூட்ட நெருப்புக்கூடத் தரமாட்டான். விற்கிறவன் மட்டும் பின்வாங்கலாம். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? வேறு யார், வீடு விற்கிறவர்கள்தான்!

அவல் இடித்து விற்கும் மாறப்பனும் அவன் மனைவி சீராளும் அந்த வீட்டைப் பார்க்கப் போனார்கள். அவர்களுக்கு ஒரே மகள், குஞ்சி. அவள் மூச்சுவிட்டால் நெஞ்சுக்குள் ஓட்டைப் புல்லாங்குழல் கேட்கும். மழைக்காலம் முழுக்க அம்மாவின் தோளில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். குடிசைத் தரையோ எப்போதும் ஈரம். "காய்ஞ்ச வீட்டுக்குக் கூட்டிப் போகலைன்னா இந்தப் பிள்ளை அடுத்த ஐப்பசியைத் தாண்டாது" என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

அதனால்தான் வீடு.

வாசல் கிழக்கே பார்த்தது. சரி.

நடுவீட்டில் நின்றார்கள். ச்சு ச்சு ச்சு! பல்லி சொன்னது. மாறப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். சீராள் சுவரைப் பார்த்தாள், பல்லி இல்லை. தருமப்பரைப் பார்த்தாள். அவர் தொண்டைக்குழி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பசுவும் கன்றோடு வந்தது. தருமப்பருடைய சொந்தப் பசு. பின்னறையில் வெல்லம் வைத்திருக்கிறது என்று தெரிந்த பசு. மருமகள் வீட்டுக்கு வந்த மாமியார் மாதிரி விறுவிறுவென்று உள்ளே போய் வெல்லத்தைத் தின்றது. தின்றுவிட்டுத் தாகத்தோடு முற்றத்துத் தொட்டிக்கு வந்தது. அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். மூக்கை வைத்தது. ப்பூ! என்று சீறிவிட்டுத் திரும்பிக்கொண்டது.

சீராள் வாயைத் திறப்பதற்குள் மாறப்பன் வெற்றிலை மாற்றிவிட்டான்.

"ஏங்க, மாடு தண்ணி குடிக்கலையே, பார்த்தீங்களா?"

"உள்ளே போகுதாங்கிறதுதான் சோதனை சீராளு. தண்ணி குடிக்குதாங்கிறது சோதனையில இல்லையே!"

வெள்ளிக்கிழமை குடி போவதாக முடிவாயிற்று.

எங்கே சிரிப்பு என்கிறீர்களா? பொறுங்கள். இப்போது சொல்லப்போவதற்கு எவனாவது சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

சீராள் அந்த வீட்டில் முன்பு இருந்தவர்களைத் தேடிப் போனாள். ஆற்றுக்கு அக்கரையில் ஓர் ஓலைக் குடிசையில் கொற்றி என்ற பெண் இருந்தாள். கடைசியாக அங்கே குடியிருந்தது அவள் குடும்பம். சீராள் கேட்டதும் கொற்றி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். உள்ளங்கை வேப்பம்பட்டை மாதிரி தடித்து வெடித்திருந்தது. முழங்கை வரை கறுப்புப் புள்ளிகள்.

"முதல்ல வயித்துவலி. அப்புறம் கை இப்படி ஆச்சு. அப்புறம் பையன்..."

அவர்களுக்குமுன் ஒரு குடும்பம். அதற்குமுன் இன்னொன்று. எல்லாருக்கும் முன்னால், தங்கம் செய்கிறேன் என்று ஒரு ரசவாதி அங்கே இருந்தான். பின்னறையில் அடுப்பு மூட்டி, பாஷாணத்தையும் பாதரசத்தையும் ஈயத்தையும் எரித்து எரித்து, பல்லெல்லாம் உதிர்ந்து செத்துப்போனான். வீட்டை வாங்கிய தருமப்பர் மூக்கைப் பொத்திக்கொண்டு அவன் அடுப்பையும் மிச்சத்தையும் கிணற்றோரப் பள்ளத்திலேயே தள்ளி, மண்ணைப் போட்டு, மேலே கல் பாவி, பின்னறையை அதற்கு மேல் நீட்டிக் கட்டிவிட்டார். குடி வந்தவர்கள் சீக்கில் விழும்போதெல்லாம், "உங்க ஜாதகத்துக்கு இந்த வீடு ஒத்துக்கலை தாயீ" என்று உருகி உருகிச் சொல்லி, வீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு சுண்ணாம்பு. பிறகு சாம்பிராணி. பிறகு அடுத்த குடும்பம்.

"இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னா?"

"பக்கத்து வீட்டுக்காரி. நாங்க வெளியேறின அன்னிக்கு. முன்னாடியே ஏன் சொல்லலைன்னேன். நீ கேட்கலையேன்னா."

"அக்கா, நீங்களாவது ஊருக்குள்ள சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேன். புள்ளையைப் பறிகொடுத்தவ புலம்புறான்னாங்க. ஆத்தைத் தாண்டி என்கிட்ட வந்து கேட்டவ நீ ஒருத்திதான்."

அந்தத் தரையைப் பெயர்த்துப் பாருங்கள் என்று கேட்கச் சீராள் ஊர்ச்சபைக்கு ஓடினாள். சபைப் பெரியவர் பேசுகிறார், தாடையை ஆட்டிக்கொண்டு கேளுங்கள்: "சுவரு வெள்ளையா இருக்கு... ம்ம்... பல்லி சொல்லியிருக்கு... ம்ம்... அடுத்தவன் வீட்டுத் தரையைப் பெயர்க்க நமக்கு ஏதும்மா உரிமை? வெத்திலை மாத்தியாச்சுல்ல?" மற்றவர்கள் ம்ம் என்றார்கள். ராஜா குறட்டை விட்டார்.

அன்று சீராள் உலக்கையைப் பிடித்த பிடியில் அவல் மாவாகிவிட்டது. கொற்றியின் கையை நினைத்து இடித்தாள். ம்ம் என்ற தலைகளை நினைத்து இடித்தாள். குஞ்சியின் நெஞ்சுக்குள் புல்லாங்குழல் கேட்டது. உலக்கையைக் கீழே வைத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு தருமப்பர் வீட்டுக்குப் போனாள்.

முகத்தில் அப்படியொரு பணிவு. பச்சைப் பிள்ளை கெட்டது!

"ஐயா, வீட்டை எங்களுக்குக் கொடுத்தா, சுவத்துக்குள்ள இருக்கிறதும் எங்களுக்குத்தானுங்களே?"

"சுவத்துக்குள்ளயா? சுவத்துக்குள்ள என்ன தாயீ?"

"சும்மா கேட்டேனுங்க. கிணத்து அடியில இருக்கிறது?"

தருமப்பரின் குரலில் நெய் வற்றியது. "கிணத்து அடியில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லீங்க. அந்த ரசவாதி தரைக்கடியில விட்டுப்போனது மட்டும் எங்களுக்கு வந்திடும்ல? அவ்வளவுதான் ஐயா. நான் வர்றேன்."

மூன்று கேள்விகள். மூன்றிலும் ஒரு பொய் கிடையாது. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் தருமப்பர் எச்சில் விழுங்கும் சத்தம் தெருமுனை வரை கேட்டது. ரசவாதி! தங்கம் செய்தே விட்டானா? அன்றைக்கு மூக்கைப் பொத்தியவர், உள்ளே என்ன கிடந்தது என்று கண்ணைத் திறந்து பார்த்தாரா?

விடிந்ததும் வெற்றிலை திரும்பி வந்தது. "ஐயாவுக்கு விற்க மனசில்லையாம்" என்றான் கொண்டுவந்த ஆள். மாறப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. சீராள் அத்தோடு விட்டிருக்கலாம். குஞ்சி தப்பித்தாள். ஆனால் அந்த வீட்டுக்கு அடுத்துக் குடி வரும் குஞ்சி? சீராள் அந்த வீட்டைப் பார்த்தபடி குளக்கரையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தருமப்பர் அந்த வீட்டுக்குள் தனியாகப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கூலிக்கு ஆள் வைத்தால் பங்கு கேட்பானே!

முதல் நாள் கரக், கரக். சுவரைச் சுரண்டினார். சுண்ணாம்பு உதிர்ந்தது. அதன் அடியில் பூஞ்சை, கரடித்தோல் மாதிரி கறுகறுவென்று தரையிலிருந்து உத்தரம் வரை. தங்கம் இல்லை. சுரண்டியதையெல்லாம் ஜன்னல் வழியாகத் தெருவில் கொட்டினார்.

இரண்டாம் நாள் சளப், சளப். கிணற்றை இறைத்தார். அடியில் ஈயக் கட்டிகளும் மஞ்சள் நுரையுமாக ஒரு சேறு. நெடி தாங்காமல் தெரு நாய்கள் ஊரைவிட்டே ஓடின. தங்கம் இல்லை. சேற்றையும் தெருவில் கொட்டினார்.

மூன்றாம் நாள் ணங், ணங். தரையைப் பெயர்த்தார். உள்ளே மூச்சுமுட்டியதால் அன்று வாசல்கதவைத் திறந்தே வைத்திருந்தார்.

தெருவெல்லாம் கூட்டம். சபைப் பெரியவர் வந்தார், மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இப்போது ம்ம் சொல்ல முடியாமல். பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். சீராள் சொல்லியனுப்பி அக்கரையிலிருந்து கொற்றியும் வந்தாள்.

பின்னறைப் பள்ளத்துக்குள் இடுப்பளவு ஆழத்தில் தருமப்பர் நின்றுகொண்டிருந்தார். தலையில் பூஞ்சை. மீசையில் சேறு. கையெல்லாம் அரிப்பு. ஒரு கையால் சொறிந்துகொண்டே மறு கையால் ரசவாதி உலோகம் உருக்கிய உடைந்த சட்டி ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். உள்ளே மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது.

"தங்கம்! தங்கம்!"

"அதை மூக்குக்கிட்டக் கொண்டுபோகாதீங்க ஐயா" என்றாள் சீராள். "பாஷாணம்."

"அப்போ தங்கம்? ஏ தாயீ, தங்கம் எங்கே? நீதானே சொன்னே?"

"நான் எப்போ ஐயா தங்கம்னு சொன்னேன்? சுவத்துக்குள்ள இருக்கிறது, கிணத்து அடியில இருக்கிறது, தரைக்கடியில இருக்கிறது எங்களுக்கு வருமான்னுதான் கேட்டேன். வந்திருக்குமா இல்லையா, நீங்களே இந்தச் சபைக்குச் சொல்லுங்க."

இதோ, நீங்கள் காத்திருந்தது. இப்போது சிரிக்கலாம்.

தருமப்பர் சுவரைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். தம் காலுக்கடியில் பார்த்தார். அடுத்தவருக்கு உரிமை இல்லை என்று சபை சொன்ன அந்தச் சோதனையை, வீட்டுக்கு உரிமைக்காரராகிய தாமே, ஒரு சுவர் விடாமல், கூலி வாங்காமல், செய்து முடித்து ஊருக்கே திறந்து காட்டியிருப்பது மெல்ல மெல்ல அவர் முகத்தில் ஏறியது. வாய் திறந்தது. நெய்யும் வரவில்லை, அதிரசமும் வரவில்லை. பல்லி மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. தெருவே வெடித்துச் சிரித்தது.

கொற்றி சிரிக்கவில்லை. பள்ளத்தின் விளிம்புக்கு வந்து நின்று, தன் உள்ளங்கைகளை அவர் முகத்துக்கு நேரே விரித்தாள்.

தருமப்பர் அந்தக் கைகளைப் பார்த்தார், அரித்துக்கொண்டிருந்த தம் கைகளைப் பார்த்தார்; அப்போதுதான் அவருக்கு முழுதும் புரிந்தது.

நீதி: வீடு வாங்குகிறவன் வாசலின் திசையைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரின் உட்புறத்தையும் கிணற்றின் அடியையும் தரைக்குக் கீழேயும் பார்த்து, அங்கே முன்பு வாழ்ந்தவரைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும்.