இமையில் வைத்துப் பார்த்த சட்டை

தாணுலிங்கம் முப்பது வருஷம் போலீஸ்காரர்களுக்குக் காக்கி உடுப்பு தைத்தவர். தைத்த இடம் கண்ணில் படாது. கோட்டாற்றில் அவர் கடைக்கு இருந்த பெயரே அதுதான். அப்படிப்பட்டவர் ஐம்பத்தாறாம் வயதில், தன் மகள் வயதே ஆன ஜெபமலரிடம், கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா பின்னல் கற்க வந்து உட்கார்ந்தார்.

வகுப்பில் மற்ற எல்லாரும் பெண்கள். குழந்தைச் சட்டை ஒன்று பின்ன வேண்டும் என்று மட்டும் அவர்களிடம் சொல்லியிருந்தார். பிள்ளைச் சட்டைக்குத் தோளில் ஸ்டார் குத்துவீர்களா, கஞ்சி போட்டு விறைப்பாக்குவீர்களா என்று முதல் வாரம் முழுக்கக் கேலி. அவரும் சேர்ந்து சிரித்தார். இரண்டாம் வாரத்திலிருந்து அவருக்கும் ஒரு டம்ளர் டீ வந்தது.

முழுக் காரணம் ஜெபமலருக்கு மட்டும் தெரியும். மகள் வடிவு தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருஷமாகிறது. அவர் கல்யாணத்துக்கும் போகவில்லை, பிறகு பேசவும் இல்லை. இப்போது அவளுக்குப் பிறந்து மூன்று மாதமான ஒரு பெண்குழந்தை இருக்கிறது. ‘அப்பா வந்து பிள்ளையைப் பார்க்கட்டும்’ என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். வரும் ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தார். கடையில் வாங்கியதை யார் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். கழுத்தும் மார்பும் குரோஷாவில் பின்னி, கீழே பருத்தித் துணி வைத்து, தன் கையாலேயே ஒரு சட்டை கொண்டுபோக நினைத்தார்.

பின்னலையும் துணியையும் சேர்க்கும் இடத்தில்தான் சிக்கல். பின்னல் இழுத்தால் நீளும், துணி நீளாது. மூன்று தடவை தைத்து மூன்று தடவையும் பிரித்தார். நான்காவது தடவை மிஷினைத் தொடாமல், ஒவ்வொரு கண்ணியாகக் கைத்தையல் போட்டார். வெள்ளிக்கிழமை அதைக் கொண்டுவந்து ஜெபமலரின் மடியில் வைத்தார்.

பெண்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். பின்னல் எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவித் தேடினார்கள். அவருக்கு உச்சி குளிர்ந்தது.

ஜெபமலர் சட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

“கண்ணை மூடுங்க அண்ணாச்சி. பிள்ளைத் தோலும் இமை மாதிரிதான்.”

மூடினார். சட்டையின் உள்பக்கத்தை அவர் இமைமேல் வைத்து மெல்ல இழுத்தாள். அவர் முகத்தைச் சட்டென்று பின்னுக்கு வாங்கிக்கொண்டார். வெளியே தெரியாமல் உள்ளே மடித்த விளிம்பும் நூல் முடிச்சுகளும் முள்ளாக உரசின.

“பிரிச்சிட்டு மறுபடி தைக்கட்டுமா டீச்சர்?”

“வேண்டாம்.”

சட்டையை உள்வெளியாகப் புரட்டி, திரும்பவும் அவர் இமைமேல் இழுத்தாள். “இப்போ?”

“ஒண்ணுமே தெரியல.”

கண்ணைத் திறந்தார். மடிப்பு மார்பைச் சுற்றி ஒரு வரப்பு மாதிரி கிடந்தது. அதில் கடுகு கடுகாக முடிச்சுகள்.

“தைச்சதெல்லாம் வெளியே கிடக்கே. முப்பது வருஷம் தைச்சவன் தைச்சதுன்னு யாராவது சொல்வாங்களா? வடிவு என்ன நினைப்பா?”

“போட்டுக்கிடப் போறது வடிவு இல்லையே.”

பெண்கள் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வகுப்பு முடிந்து எல்லாரும் போனார்கள். அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. நூல்கண்டுகளை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்த ஜெபமலர், என்ன என்பதுபோல் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போய் என்ன பேசுவது என்று இத்தனை நாளும் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி வாயே திறக்கப் போவதில்லை. பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்வார். மாப்பிள்ளையிடம் வேலையைப் பற்றி விசாரிப்பார். சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார். யாருக்கும் சங்கடமில்லை.

“நேத்துக்கூடப் போய்ட்டு வந்த மாதிரி, சாதாரணமா இருந்திரலாம்னு பார்க்கேன். அப்படி இருந்தா என்ன டீச்சர்?”

ஜெபமலர் சட்டையை எடுத்தாள். அதை மறுபடி புரட்டி, தைத்தது தெரியாத பக்கம் வெளியே வரும்படி வைத்து, அவரிடம் நீட்டினாள்.

“பார்க்க நல்லா இருக்கும் அண்ணாச்சி. உள்ளே யாருக்குக் குத்தும்?”

தாணுலிங்கம் சட்டைக்குள் கையை விட்டு முடிச்சுகளைத் தடவினார். பிறகு, மடிப்பும் முடிச்சும் வெளியே தெரியும்படி அதைப் புரட்டி, அப்படியே மடித்துப் பையில் வைத்தார்.