முதல் ஓட்டை

கோவை கணபதியில் வரதன் என்றொருவர். வார்ப்படப் பட்டறைக்கு மர அச்சு செய்பவர். அச்சில் ஒரு நூல் பிசகினால் அதில் வார்க்கிற ஆயிரம் பம்பிலும் அதே பிசகு விழும் என்பதால், முப்பது வருடமாக அளந்து அளந்தே பழகிவிட்ட மனிதர். காய்கறிக்காரர் எடை போட்டால்கூட இன்னொரு தடவை போடச் சொல்வார்.

ஐம்பத்தாறாவது வயதில் அவருக்கு ஒரு குரு வாய்த்தாள். பெயர் ரெஜினா, வயது முப்பத்திரண்டு. பொருட்காட்சிகளில் வைக்கிற வீடியோ கேம் பெட்டிகளைப் பழுது பார்ப்பவள். "அம்மிணி, அப்படி ஒரு பெட்டி செய்யக் கத்துக்குடு, இன்னையிலிருந்து நான் உன் சிஷ்யன்" என்று வரதன் போய் நின்றபோது அவள் சிரிக்கவில்லை. யாருக்காகப் பெட்டி என்று மட்டும் கேட்டாள்.

மனைவிக்காக. பூங்கோதைக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம். நடை திரும்பிவிட்டது, பேச்சும் திரும்பிவிட்டது. இடது கைதான் சொன்னதைக் கேட்க மறுத்தது. ஒருநாள் அந்தக் கையால் எடுத்த காபி டம்ளர் நழுவி விழுந்தது. அன்றிலிருந்து கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். வேலை கொடுக்காவிட்டால் விரல்கள் மடங்கியே போய்விடும் என்று மருத்துவர் சொல்லியும் வெளியே எடுக்கவில்லை.

ஒரு காலத்தில் பொருட்காட்சிக்குப் போனால் கேம் பெட்டியை விட்டு நகராதவள் அவள். வரதனை எத்தனையோ முறை மண்ணைக் கவ்வ வைத்திருக்கிறாள். அப்படி ஒரு பெட்டி வீட்டிலேயே இருந்தால் கை தானாக வெளியே வரும் என்று இவர் நம்பினார்.

ரெஜினா சொல்லிக் கொடுத்தபடி ஒரே மாதத்தில் பெட்டி கூடத்தில் எழுந்து நின்றது. திரை எரிந்தது, பாட்டும் பாடியது. மேலே வைக்கிற பலகையில் ஓட்டை போடுவதுதான் பாக்கி. ஜாய்ஸ்டிக் எந்தப் பக்கம், பட்டன் எத்தனை, நேர்வரிசையா, வளைவா? இங்கேதான் வரதன் மாட்டிக்கொண்டார்.

பதினொரு படம் வரைந்தார். தன் கையை வைத்துப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் கையை இரவல் வாங்கியும் வைத்துப் பார்த்தார். பூங்கோதையின் கையை மட்டும் கேட்கவில்லை. கேட்கப் பயம். டம்ளர் விழுந்த அன்று அவள் முகம் போன போக்கை அவர் பார்த்திருக்கிறார். இன்னொரு தடவை அந்தக் கை தோற்றால், பிறகு அவள் அதை வெளியே எடுக்கவே மாட்டாள்.

ஒன்றரை மாதம் கழித்துப் பன்னிரண்டாவது படத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ரெஜினாவிடம் போனார்.

"இதுல எது சரி அம்மிணி?"

ரெஜினா படங்களை வாங்கி மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். டிரில்லிங் மெஷினை எடுத்தாள். "வாங்கண்ணா, வீட்டுக்குப் போலாம்."

வழியெல்லாம் வரதன் பேசிக்கொண்டே வந்தார். முதலில் அட்டையில் வெட்டிப் பார்க்கலாம் என்றார். பூங்கோதையிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்றார். அடுத்த வாரம் வைத்துக்கொண்டால் என்ன என்றார். அவள் வண்டி ஓட்டுவதிலேயே கவனமாக இருந்தாள்.

வந்ததும் பூங்கோதையைப் பெட்டி முன்னால் உட்கார வைத்தாள். "அக்கா, ரெண்டு கையையும் பலகை மேல போடுங்க. எங்க விழுதோ அங்க."

வலது கை வந்தது. இடது கை வரவில்லை.

"ஒன்றரை மாசமா இவர் அளக்கறதப் பாத்துட்டுத்தான் இருக்கறேன்" என்றாள் பூங்கோதை. "இந்தக் கைய நம்பி ஓட்டை போட இவருக்கு மனசு வரலன்னு நெனச்சுட்டேன்."

அவள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை என்பதுதான் வரதனைச் சுட்டது.

மெல்ல அந்தக் கை முந்தானையை விட்டு வந்து பலகையில் படுத்தது. ரெஜினா விரல் நுனி இருந்த இடத்தைப் பென்சிலால் குறித்தாள். கையை எடுக்கச் சொல்லிவிட்டு, ஓட்டை போட்டுப் பட்டனைப் பொருத்தினாள்.

"இப்ப அமுக்குங்கக்கா."

ஆள்காட்டி விரல் நகர்ந்தது, பட்டனுக்கு இரண்டு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. குறிக்கும்போது வீம்புக்குத் தம் கட்டி நீட்டியிருந்தாள் போல. பூங்கோதையின் முகம் பழைய போக்கில் போனது. கை முந்தானையைத் தேடியது.

வரதன் எதற்குப் பயந்தாரோ அது நடந்தேவிட்டது. சமாதானம் சொல்லப் போனவரை ரெஜினா கையமர்த்தினாள். அவள் பார்த்தது பலகையைத்தான்.

"இது தள்ளிப்போய் நிக்குது" என்றாள். பட்டனைக் கழற்றினாள். இரண்டு விரற்கடை இந்தப் பக்கம் வேறொரு ஓட்டை போட்டு அதில் வைத்தாள்.

பூங்கோதை கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். கை திரும்ப வந்தது. டக். சற்றுப் பொறுத்து இன்னொரு டக். பிறகு யாரும் சொல்லாமலே மூன்றாவது.

வரதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் பழக்கம் யாரை விட்டது? காலியாகக் கிடந்த முதல் ஓட்டையிலேயே அவர் பார்வை போய் நின்றது. முப்பது வருடத்தில் இப்படி ஒரு பிசகை அவர் வெளியே தெரிய விட்டதில்லை. மெதுவாகக் குருவின் பக்கம் சாய்ந்தார்.

"அம்மிணி, அந்த ஓட்டைய மரத்தூளும் பசையும் வெச்சு அடைச்சரட்டுமா? இருந்த எடமே தெரியாது."

ரெஜினா மெஷினைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"வேண்டாங்கண்ணா. பலகையும் தப்புப் பண்ணும்னு அக்காவுக்குத் தெரியட்டும்."