விருந்துக்கு உடன் வருபவர்

ஐரோப்பாவின் வடகரை நாடொன்றின் வெளியுறவு அமைச்சகத்தில் இருபது ஆண்டுகளாகக் காப்பி பரிமாறி வந்தவர் யாழ்ப்பாணத்து நாகேந்திரம். காத்திருப்போர் அறையில் அன்றும் ஒரு பெண்மணி அமர்ந்திருந்தார். அவருடைய கணவர், ஒரு பள்ளி ஆசிரியர், தளபதி ஒருவர் ஆளும் தூரதேசத்துச் சிறையில் ஆறாண்டுகளாகக் கிடந்தார்.

உள்ளே, அதிகாரிகள் சூழ இருந்த அமைச்சர் எட்டாவது வரைவையும் கசக்கி எறிந்தார்.

"விடுதலையைக் கேட்க வேண்டும், தளபதியின் மனமும் நோகக் கூடாது. எரிவாயு ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. இப்படியொரு கடிதம் எழுத இந்தக் கட்டடத்தில் ஆளே இல்லையா?"

"எழுதலாம், ஐயா," என்றார் கோப்பையை வைத்துக்கொண்டிருந்த நாகேந்திரம்.

"நீயா? சொல், கேட்போம். சிரித்து நாளாயிற்று."

"தளபதியின் பிறந்தநாள் விருந்து அழைப்பு உங்கள் மேசையில் கிடக்கிறது. நம் தூதர் துணைவியாரோடு வருவதாக ஆண்டுதோறும் இங்கிருந்துதான் பதில் போகும். இம்முறை துணைவியார் பெயர் இருக்கும் இடத்தில் அந்த ஆசிரியரின் பெயரை எழுதுங்கள். கடுஞ்சொல் ஒன்றும் வேண்டியதில்லை."

அமைச்சர் அழைப்பிதழை எடுத்துப் பார்த்தார். "அவரை அனுப்பாவிட்டால்?"

"தூதருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும். எல்லா நாட்டாரும் பார்ப்பார்கள்."

"அதன் பக்கத்தில் உட்கார்ந்து நம் தூதர் எப்படியப்பா சாப்பிடுவார்?"

"ஆறாண்டுகளாகச் சாப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறார், ஐயா."

அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அமைச்சர் பதில் அட்டையை இழுத்துப் பேனாவைத் திறந்தார். பிறகு நிறுத்தினார். எட்டு வரைவுகளிலும் 'ஒரு கைதி' என்றுதான் இருந்தது.

"அவர் பெயர் என்ன?"

அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாகேந்திரம் சென்று, காத்திருப்போர் அறையின் கதவைத் திறந்தார்.