வந்த தடமா, போன தடமா?

மூங்கில் காட்டின் நடுவே ஒரு குளம். அதன் கரைச் சேறுதான் காட்டுக் குட்டிகளின் பள்ளிக்கூடம். வாத்தியார் ஒரு கொக்கு.

பாடம் ஒன்றே ஒன்றுதான். சேற்றில் பதிந்த சிறுத்தையின் காலடியைப் படிக்க வேண்டும். விரல்கள் குளத்தைப் பார்த்திருந்தால் அது வந்த தடம். சிறுத்தை அங்கேயே புதரில் இருக்கிறது, ஓடிவிட வேண்டும். விரல்கள் காட்டைப் பார்த்திருந்தால் அது போன தடம். பயமில்லாமல் தண்ணீர் குடிக்கலாம்.

முயல்குட்டி இரண்டு நாளில் படித்துவிட்டது. எப்போதும் தூங்கி வழியும் காட்டுப்பன்றிக் குட்டிகூட ஒரு வாரத்தில் படித்தது. முள்ளம்பன்றிக் குட்டி தூவிக்கு மட்டும் வரவே இல்லை. இன்று சரியாகச் சொன்னதை நாளை தலைகீழாகச் சொன்னாள்.

"இந்தாம்மா சிலும்பி! உம் பொண்ணுக்கு வாய் இருக்கிற அளவுக்குப் படிப்பு இல்லையே!" என்று அவள் அம்மாவிடம் சொன்னார் கொக்கு வாத்தியார்.

வாய் இருந்தது உண்மைதான். எந்தத் தவளை எந்தக் கல்லுக்கடியில் தூங்குகிறது என்பது வரை தூவிக்குத் தெரியும். "அம்மா, மழை ஏன் மேலேயிருந்தே வருது? நத்தைக்கு முதுகு வலிக்காதா?" என்று ஓயாமல் கேட்பாள். இவ்வளவு பேசுகிறவளுக்குத் தடம் படிக்க வராதா? எல்லாம் சோம்பல்! அப்படித்தான் நினைத்தாள் சிலும்பி.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. தூவியின் அப்பாவை அந்தக் கரையில்தான் சிறுத்தை அடித்தது. மகளும் அப்படிப் போய்விடுவாளோ என்ற பயம் அவளைத் தின்றது. ஆனால் பயம் வெளியே வரும்போது கோபமாகத்தான் வந்தது.

தினமும் பொழுது சாயும் நேரத்தில் மகளைச் சேற்றுக்கு இழுத்துப் போவாள். "சொல்லு! வந்த தடமா, போன தடமா?"

"போன... இல்லை, வந்த..."

சிலும்பியின் முதுகு முட்கள் சடசடவென்று சிலிர்க்கும். "தேவாங்கு மாதிரி முழிக்காதே! பார்த்துச் சொல்லு!"

இரண்டு மழைக்காலம் இப்படியே போனது. தூவியின் கேள்விகள் ஒவ்வொன்றாக நின்றன. தவளைகளைப் பற்றியும் பேசுவதில்லை. "அப்பாடா, அடக்கம் வந்துடுச்சு!" என்று சிலும்பி சந்தோஷப்பட்டாள். பாவி, அது அடக்கம் இல்லை என்று அவளுக்குத் தெரியவில்லை.

பக்கத்துப் புதர் மான்தான் சொன்னாள். "அக்கா, இலுப்பை மரத்துத் தேவாங்கு குட்டிகளை உட்கார வச்சுப் பார்த்து, எங்கே சிக்கல்னு சொல்றாங்களாம். ஒரு தடவை கூட்டிட்டுப் போயேன்!"

"போடி! தேவாங்குகிட்டப் போனா, சிலும்பி பொண்ணுக்கு மண்டையில ஏதோ கோளாறுன்னு காடே பேசும்!"

இன்னொரு கோடையும் கழிந்தது. ஒரு நாள் தூவி வளையை விட்டு வெளியே வரவில்லை. கிழங்கைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் சிலும்பி, யார் கண்ணிலும் படாமல் புதர்களுக்குப் பின்னால் சுற்றி, மகளை இலுப்பை மரத்துக்குக் கூட்டிப் போனாள்.

தேவாங்கு தன் பெரிய கண்களால் தூவியைப் பார்த்தது. தூவி பயந்து, "நான் உங்களை மாதிரி முழிக்க மாட்டேன்!" என்றாள்.

சிலும்பிக்கு மானம் போனது. தேவாங்கோ சிரித்துவிட்டது. "முழிச்சுக்கோ கண்ணு! இங்கே யாரும் திட்ட மாட்டாங்க."

மூன்று நாள் மாலையில் வரச் சொன்னது. கதை சொல்லச் சொன்னது. கண்ணை மூடச் சொல்லி, காலடிச் சத்தத்தை வைத்து நடப்பது யார் என்று கேட்டது. தூவி எல்லாவற்றையும் டக்கென்று சொன்னாள். பிறகு தேவாங்கு மண்ணில் ஒரு குளத்தையும் பக்கத்தில் இரண்டு தடங்களையும் வரைந்து, எது வந்தது, எது போனது என்று கேட்டது. தூவி வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி அம்மாவின் முதுகைப் பார்த்தாள்.

"தடம் இங்கேதானே இருக்கு? அங்கே எதுக்குப் பார்க்கிறே?" என்றது தேவாங்கு.

"தடத்தைப் பார்த்தா எனக்குத் தெரியாது. அது மாறி மாறித் தெரியும். அதனால ஏதாவது ஒண்ணு சொல்லுவேன். அம்மா முள்ளு சத்தம் போட்டா நான் சொன்னது தப்பு. உடனே மாத்திச் சொல்லிடுவேன்."

சிலும்பி அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை நாளும் மகள் படித்தது அவளுடைய கோபத்தைத்தான்!

"உன் பொண்ணுக்கு அறிவு குறைவில்லை. சோம்பலும் இல்லை. தடத்தோட முன்பக்கமும் பின்பக்கமும் அவ மனசுல இடம் மாறிடுது. சில குட்டிங்க பிறவியிலேயே இப்படித்தான். மத்த குட்டிங்களைவிட இவ பத்து மடங்கு உழைச்சிருக்கா!" என்றது தேவாங்கு.

"இதுக்கு மருந்து இருக்கா அக்கா?"

"நோய்னாதானே மருந்து? பார்க்காம, தொட்டுப் படிக்கச் சொல்லு. விரல் அழுத்தின முன்பக்கம் பள்ளமா இருக்கும். மெதுவா வரும். ரெண்டு மழைக்கு முன்னாடியே கூட்டி வந்திருக்கக் கூடாதாம்மா?"

சிலும்பிக்குத் தன் முட்களையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிடலாம் போலிருந்தது.

அன்றிலிருந்து தூவி தடத்துக்குள் காலை வைத்துத் தடவித் தடவிப் படித்தாள். சிலும்பி முட்களை முதுகோடு படியவைத்துக்கொண்டு, மூச்சுவிடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மார்கழி மாலை. சேற்றில் புதிதாக ஒரு தடம். தூவி தடவிப் பார்த்தாள். முகம் பளிச்சென்று மலர்ந்தது. "வந்த தடம்!"

சரியான பதில்! முதல் முறையாக, தானாகவே! சிலும்பிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முட்கள் சடசடத்தன.

தூவியின் முகம் சட்டென்று வாடியது. "இல்லைம்மா! போன தடம், போன தடம்!" என்று சொல்லிக்கொண்டே குளத்தை நோக்கி நடந்தாள்.

புதர் அசைந்தது. சிலும்பி பாய்ந்து மகளை இழுத்துக்கொண்டு ஓடினாள். வளைக்குள் நுழைந்த பிறகுதான் மகளை விட்டாள்.

"நீ முதல்ல சொன்னதுதான் சரி, கண்ணு. அம்மா சந்தோஷத்துலதான் சிலிர்த்தேன்."

தூவி நம்பவில்லை. "முள்ளு சத்தம் கேட்டுச்சேம்மா," என்றாள் மெதுவாக.

குழந்தை தடுமாறும்போது அதட்டுவதற்கு முன்னால் காரணத்தைத் தேட வேண்டும். காரணம் தெரிந்த நாளில் அதட்டலை நிறுத்திவிடலாம், ஆனால் அதற்குள் குழந்தையின் மனதில் குடியேறிய பயம் நாம் போகச் சொன்னதும் போய்விடாது.