சுவடு தாண்டிய ஆறு

பனையாறு எங்கே பிறக்கிறது என்று யாரும் போய்ப் பார்த்திராத அந்தக் காலத்திலே, வேம்பநாட்டைக் கோடைமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். யாராவது உசுப்பிவிட்டால் மட்டும் நெருப்பாகிவிடுவார்.

ஆற்றுக்கு அக்கரை கொன்றைநாடு. இரண்டு கரைக்கும் ஒரு பழைய வழக்கம் உண்டு. மாடு களவு போனால், தடம் பார்ப்பவர் சுவட்டைப் பிடித்துக்கொண்டே அடுத்த நாட்டுக்குள் போவார். கடைசியாகக் கிடைத்த சுவட்டைக் காற்றும் கோழியும் கலைக்காதபடி, அதன்மேல் ஒரு சட்டியைக் கவிழ்த்துவிட்டு உள்ளூர்த் தடக்காரரைக் கூப்பிடுவார். மிச்ச வழியை அவர் பார்த்துக்கொள்வார். சட்டி கவிழ்த்தாயிற்று என்று கேட்டாலே திருடனுக்குக் குலை நடுங்கும்.

தளவாய் முனையரையருக்கு இந்த வழக்கம் பிடிக்கவில்லை. மந்திரி நல்லாதனையும் பிடிக்காது, அது தனிக் கதை.

"மகாராஜா, கண்ட நாட்டுக்காரனும் சட்டியும் கையுமாக வந்து நம் மண்ணை மிதிக்கிறான். வெளியே சொல்லவே கூசுகிறது" என்றார் தளவாய் ஒருநாள்.

"திருடன் மிதிக்கலாம், அவனைத் தேடி வருகிறவன் மிதிக்கக் கூடாதா தளவாயாரே?" என்றார் மந்திரி.

"மந்திரியாருக்கு அக்கரைச் சோறு ருசிக்கிறது போலும்."

சபை சிரித்தது. ராஜாவுக்கு மீசை துடித்தது. அக்கரை ஆள் கால் இங்கே பட்டால் அந்தக் காலை வெட்டு என்று ஆணை போட்டார். கொன்றைநாட்டு ராஜா சும்மா இருப்பாரா? அவரும் அதே ஆணையைப் போட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு கரையிலும் தொழுவங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அரண்மனைக்குள் அந்த அழுகை எட்டவில்லை. பிறகு ஒரு காலையில் ராஜா தன் குதிரை முத்தழகியைத் தட்டிக்கொடுக்கப் போனார். லாயத்தில் அறுந்த கயிறுதான் கிடந்தது. ராஜாவின் வீட்டிலேயே களவு. அவர் கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

முத்தழகியின் பின்கால் லாடத்தில் ஒரு மூலை உடைந்திருக்கும். அந்தச் சுவடு ஆற்றோரச் சேற்றில் அச்சு வார்த்ததுபோல் பதிந்து தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. ராஜாவும் சபையும் அதைத் தொடர்ந்து கரைக்கு வந்தபோது, எதிர்க்கரையில் கொன்றைநாட்டுத் தடக்காரி காத்தாயி நின்றுகொண்டிருந்தாள்.

"பெண்ணே, என் ஆள் வருகிறான், வழி விடு" என்றார் ராஜா.

"வரட்டும் சாமி. திரும்பிப் போகத்தான் கால் இருக்காது. உங்க ஆணைக்குத் தம்பி ஒண்ணு எங்க ஊர்ல இருக்கு."

ராஜா திகைத்தார். தன் சொல்லே அக்கரையில் நின்று தன்னை முறைப்பதை அவர் அன்றுதான் பார்த்தார்.

"லாயக்காரன் உலகன்தான் விற்றிருப்பான். அவன் தலை உருண்டால் உண்மை வெளியே வரும்" என்றார் தளவாய்.

"உருண்ட தலை எப்படிப் பேசும்?" என்று கேட்டார் மந்திரி.

ராஜாவோ கேட்கும் நிலையில் இல்லை. "பொழுது சாய்வதற்குள் குதிரை வரவேண்டும். வராவிட்டால் உலகன் தலை" என்றார். குட்டி முத்தழகியைப் பிறந்த ஈரத்தோடு கையில் ஏந்தியவன் உலகன். அவன் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மந்திரி தளவாயிடம் திரும்பினார். "ஆள் தாண்டக்கூடாது, சரி. மண் தாண்டலாமா?"

"மண்ணா? வேண்டியமட்டும் அள்ளிக்கொண்டு போம்."

"மகாராஜா காதிலும் விழுந்ததல்லவா?"

"விழுந்தது" என்றார் ராஜா.

மந்திரி மண்வெட்டியை வாங்கி, லாடச் சுவட்டைச் சேற்றோடு பெயர்த்து முறத்தில் ஏந்தினார். அதைச் சட்டியால் மூடிப் பரிசலில் வைத்து, ஆளில்லாமல் அக்கரைக்குத் தள்ளிவிட்டார்.

"என்ன மந்திரியாரே, சீர்வரிசையா?" என்றாள் காத்தாயி.

"சுவடு, தாயே. உங்கள் ராஜா கால் வைக்காதே என்றார். இதில் கை வைக்காதே என்றாரா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்படிச் சொல்லலை" என்றபடி முறத்தை எடுத்தாள். அவள் மாமியார் வீட்டு எருதுகளும் போன மாதம்தான் காணாமல் போயிருந்தன.

முறத்துச் சுவட்டையும் தரைச் சுவட்டையும் ஒத்துப் பார்த்தபடி அவள் கரையோரமாக நடந்தாள். இந்தக் கரையில் ராஜாவும் சபையும் நடந்தார்கள். மூங்கில் புதரண்டை அவள் நின்றாள்.

"சாமி, சுவடு தண்ணியில இறங்கிடுச்சு. உங்க காலடியில பாருங்க."

ராஜா குனிந்து பார்த்தார். மூலை உடைந்த லாடம், தண்ணீரிலிருந்து இந்தப் பக்கம் ஏறியிருந்தது.

"அக்கரையில் நாலடி நடந்தால் போதும் மகாராஜா, யாரும் துரத்தி வரமாட்டார்கள்" என்றார் மந்திரி மெதுவாக. "திருடனுக்கு வேலி கட்டிக் கொடுத்தது நாம்."

"வெயில் ஏறிவிட்டது, அரண்மனைக்குத் திரும்பலாமே" என்றார் தளவாய்.

யாரும் திரும்பவில்லை. சுவடு ஒரு தென்னந்தோப்புக்குள் நுழைந்தது. அது தளவாயின் தோப்பு. கூடவே வந்த உலகனின் குரல் கேட்டதும் உள்ளே முத்தழகி கனைத்தாள். அவளைச் சுற்றி இரண்டு நாட்டு அடையாளச் சூடு போட்ட மாடுகளும் நின்றன.

ராஜாவின் முகத்தில் ஈயாடவில்லை. "நம் மண், நம் மானம் என்றீரே" என்றார்.

தளவாய் தென்னையின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் இடுப்பு வாளைக் கழற்றச் சொன்னார் ராஜா. இனி இரண்டு கரைத் தடக்காரருக்கும் சட்டி சுமப்பது முனையரையரின் உத்தியோகம் என்றும் சொன்னார். பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டுவிட்டு, ஆற்றங்கரைக்கு வந்து கூப்பிட்டார். "காத்தாயி, என் ஆணை போயிற்று. நீ வந்து உன் மாடுகளை ஓட்டிக்கொண்டு போகலாம்."

"உங்க ஆணை போச்சு. எங்க ராஜா ஆணை இருக்கே சாமி, உங்க ஆளு இங்க வந்தா கால் போகுமே. அது உங்க மேல வந்த ரோசத்துல போட்டது. நீங்கதான் வந்து பேசணும்."

இன்னொரு இடி. ராஜா தன் கால்களையே பார்த்தார். பிறகு பாதரட்சையைக் கழற்றினார்.

"மகாராஜா, கால்..." என்றான் உலகன்.

"தெரியும். உன் தலையைவிடப் பெரிதா?" என்றபடி தண்ணீரில் இறங்கினார்.

அக்கரை மணலில் அவர் பதித்த முதல் ஈரச் சுவட்டின்மேல் காத்தாயி சட்டியைக் கவிழ்த்தாள்.

"நானும் திருடனா?"

"வழக்கம் சாமி. நீங்களே வந்தீங்கன்னு எங்க ராஜா நம்பணுமில்ல?"

சிரிப்பதா திகைப்பதா என்று தெரியாமல் ராஜா அவள் பின்னே மேட்டில் ஏறி மறைந்தார். முனையரையர் சட்டி வாங்கக் குயவர் தெருப்பக்கம் போனார். ராஜாவின் பாதரட்சையைத் துடைத்து எடுத்துக்கொண்டு மந்திரியும் போனார். உலகன் மட்டும் முத்தழகி தண்ணீர் குடித்து முடிக்கும்வரை நின்றான். பொழுது சாய்ந்தது. தன் தலையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு, அவளை லாயத்துக்கு நடத்திப் போனான்.