நாலு விரல் இடம்

சுலோசனா வீட்டில் யாரும் பசித்து உண்டதில்லை. பசி எடுக்க அவள் நேரம் விட்டால்தானே. ஆனைமலை ஆசிரமத்திலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த அவளுடைய குருவுக்கும் இது தெரியும்.

இரண்டு முறை சோறு போட்டவள் மோர்ச் சொம்போடு மறுபடி வந்தாள். சாமி இலைக்கு மேல் கையை விரித்தார்.

"போதும் அம்மிணி."

"ஒரே ஒரு வாய்ங்க சாமி." விரல் இடுக்கு வழியாகவே ஊற்றிவிட்டாள். சாமி கையை உதறிவிட்டுச் சாப்பிட்டார்.

அவர் கை கழுவி வந்ததும் தொளதொளத்த பை ஒன்றை முன்னால் வைத்தாள். உள்ளே கொள்ளுப் பொடி. புனேயில் வேலை பார்க்கும் மகள் நிவேதாவுக்கு அனுப்பவென்றே, காற்றை உறிஞ்சிப் பையை ஒட்டும் மிஷின் வாங்கியிருந்தாள். ஒட்டும்போது இறுகும் பை, விடிவதற்குள் காற்று புகுந்து தளர்ந்துவிடும். போன மாதம் வந்துபோன மகளின் பெட்டிக்குள்ளேயே அப்படி ஒன்று பிரிந்து, அவள் ஆபீஸ் துணியெல்லாம் பொடியாகிவிட்டது.

"இனிமே எதுவும் அனுப்பாதேன்னுட்டாளுங்க. அதுல இருந்து போனையே எடுக்கறதில்ல. எனக்கு ஒத்தப் புள்ளைங்க சாமி." பையை அவர் பக்கம் நகர்த்தினாள். "இதைச் சரி பண்ணிட்டா பழையபடி பேசிருவா. மிஷின் கோளாறுங்களா, பை கோளாறுங்களா?"

"ஒண்ணு ஒட்டிக் காட்டுங்க."

புதுப் பையில் வாய் வரை பொடி போட்டாள். குலுக்கி அமுக்கி, மேலே இன்னொரு கரண்டி போட்டு மிஷினில் கொடுத்தாள். அது உறுமி முடிப்பதற்குள் இரண்டு தடவை மகளுக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது.

சாமி ஒட்டிய ஓரத்தை நகத்தால் நெருடினார்.

"பொடி மாட்டியிருக்குது பாருங்க. இப்படி இருந்தா எப்படி ஒட்டும்?"

ஓரத்தை வெட்டிப் பிரித்து, நாலு விரல் ஆழத்துக்குப் பொடியை எடுத்துத் தட்டில் கொட்டினார். பையின் வாயை உலர்ந்த துணியால் உள்ளும் புறமும் துடைத்தார். தட்டைப் பார்க்கப் பார்க்கச் சுலோசனாவுக்கு வயிறு எரிந்தது.

"இத்தனை எடம் சும்மாவே கெடக்கோணுங்களா?"

"கெடந்தாத்தான் ஒட்டும்."

மறுபடி மிஷினில் கொடுத்ததும் பை செங்கல்லாக இறுகியது. சாயங்காலம் வரை வரப்போக அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தளரவில்லை. சாமி கிளம்ப எழுந்தபோது அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"சரியாயிருச்சுங்க சாமி. இப்பவே அவகிட்டச் சொல்லிடறேன்."

மேஜையில் கிடந்த போனை எடுக்கப் போனாள். சாமி அதன்மேல் கையை விரித்தார், மத்தியானம் இலைமேல் விரித்தது போலவே.

"ஒரே ஒருக்காங்க சாமி."

அவர் கையை எடுக்கவில்லை.

"போதும் அம்மிணி. அந்தப் புள்ளைக்கும் கொஞ்சம் பசிக்கட்டும்."