செவந்தி எடுத்த பெரிய சிப்பி

ஆற்றங்கரை மருத மரங்களில் ஒரு குரங்குக் கூட்டம் இருந்தது. மாங்காய் என்றால் அந்தக் கூட்டத்துக்கு உயிர். ஆனால் மாங்காய்ப் பால் பட்டால் வாய் வெந்துவிடும். அதனால் மணலில் கிடக்கும் சிப்பியை எடுத்து, அதன் ஓரத்தால் தோலைச் சீவிவிட்டுத்தான் தின்னும். சிப்பிதான் அவற்றுக்குக் கத்தி.

குட்டி முதுகை விட்டு இறங்கி நடக்கத் தொடங்கிய பின், முதல் சிப்பியைத் தாய்தான் தேடிக் கொடுக்க வேண்டும். செவந்தி என்ற தாய்க்குரங்கும் தன் மகள் பூஞ்சிக்காகத் தேடி வந்தது. மணலைக் கிளறிக் கிளறி, இருப்பதிலேயே பெரிய சிப்பியாக எடுத்தது.

வளையிலிருந்து நண்டு எட்டிப் பார்த்தது. "யாருக்குத் தங்கச்சி இது?"

"என் பூஞ்சிக்குத்தான் அண்ணே."

"உன் கைக்கே பெரிசா இருக்கே."

"வளர்ற பிள்ளை. சின்னதா எடுத்தா அடுத்த வருஷமே பத்தாது. இது நாலு வருஷம் ஓடும்."

நாமும் பள்ளிக்கூடச் சட்டையை அப்படித்தான் எடுக்கிறோம். சட்டை தொளதொளவென்று இருந்தால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், அவ்வளவுதான். கத்தி அப்படியில்லை.

செவந்தி அதோடு விடவில்லை. சிப்பியின் ஓரத்தைக் கல்லில் தேய்தேய் என்று தேய்த்து மழுங்கடித்தது.

"எதுக்கு இப்படிப் பண்றே?" என்றது நண்டு.

"பிள்ளை கையை வெட்டிக்கக் கூடாதுல்ல?"

நண்டு தன் கொடுக்கைத் தூக்கிக் காட்டியது. "பிறந்ததுலேர்ந்து கத்தியோடவே அலையுறவன் சொல்றேன், கேளு. எங்க குட்டிக்குக் குட்டிக் கொடுக்குதான். உடம்பு வளர்ந்தாத்தான் அதுவும் வளரும். கைக்கு அடங்குறதா எடு. ஓரம் கூரா இருக்கட்டும். மழுங்கினதை வச்சு அமுக்கினா அது எங்கே வழுக்கும்னு சொல்ல முடியாது. அப்புறம், முதல் பத்து நாள் நீ பக்கத்துலயே உட்காரு."

"பத்து நாளா? அதுக்குள்ள மாங்காயே முடிஞ்சிடும்!" செவந்தி சிரித்துக்கொண்டே போய்விட்டது.

மாமரத்தடியில் எல்லாக் குரங்குகளுக்கும் முன்னால் அந்தச் சிப்பியைத் தன் உள்ளங்கையில் அழுத்தித் தேய்த்துக் காட்டியது. "பாருங்க, ஒரு கீறல் இருக்கா? இது வெட்டவே வெட்டாது." பிறகு அதைப் பூஞ்சியிடம் கொடுத்துவிட்டு மர உச்சிக்கு ஏறியது. நல்ல மாங்காய் எல்லாம் அங்கேதான் இருந்தது.

பூஞ்சி கல்லின் மேல் உட்கார்ந்தது. சிப்பி அதன் கைக்குள் நிற்கவில்லை. தோலும் சீவவில்லை. பக்கத்துக் குட்டிகள் சின்னச் சிப்பிகளால் சரசரவென்று சீவித் தின்றன. பூஞ்சிக்கு ரோஷம் வந்தது. முழு பலத்தையும் சேர்த்து அமுக்கியது. சிப்பி வழுக்கிக் கல்லில் மோதி உடைந்தது. உடைந்த முனை, மாங்காயைப் பிடித்திருந்த இடது உள்ளங்கையில் ஆழமாக இறங்கியது.

பூஞ்சி கத்தவில்லை. கையில் சேற்றை அப்பி, விரல்களை இறுக்கி மூடிக்கொண்டது.

"கையில என்னடி?" என்று சாயங்காலம் செவந்தி கேட்டது.

"வண்டு பிடிச்சு வச்சிருக்கேம்மா."

செவந்தி நம்பியது. மறுநாளும் பூஞ்சி வண்டு என்றது, அதற்கு மறுநாளும் வண்டு என்றது. ஐந்தாம் நாள் பூஞ்சியின் உடம்பு கொதித்தது. செவந்தி பயந்துபோய் அந்த விரல்களைப் பிரித்தது. உள்ளே சீழ் கட்டியிருந்தது.

"ஐயோ! ஏன்டி சொல்லலை?"

"அது வெட்டாதுன்னு நீ எல்லார்கிட்டயும் சொன்னியேம்மா. எனக்கு மட்டும் வெட்டிடுச்சு. நான்தான் தப்பாப் பிடிச்சிருப்பேன்னு நினைச்சேன்."

செவந்தி மகளை மடியில் போட்டுக்கொண்டு அழுதது. இலைகளை மென்று மென்று காயத்தில் வைத்தது. காய்ச்சல் இறங்கியது, புண்ணும் ஆறியது. ஆனால் மடங்கிய விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன.

மாங்காய்க் காலம் முடிந்து ஆற்றில் புதுத்தண்ணீர் வந்தது. வருஷா வருஷம் கூட்டம் அப்போது மருத மரத்திலிருந்து அக்கரை நாவல் மரத்துக்குத் தாவிப் போய்விடும். இக்கரையில் மழைக்காலம் முழுக்கத் தின்ன ஒன்றும் கிடைக்காது, சிறுத்தையும் சுற்றும்.

"தண்ணி ஏறுது, விழுந்தா இழுத்துட்டுப் போயிடும். இன்னிக்கே தாவணும்," என்றது கூட்டத்தின் தலைமைக் குரங்கு.

செவந்தி முதலில் மணல்மேட்டில், தாழ்ந்த கிளையில் மகளைத் தாவவிட்டுப் பார்த்தது. ஒரு கை பிடித்தது, மறு கை பிடிக்கவில்லை. பூஞ்சி மணலில் விழுந்தது. மூன்று முறையும் விழுந்தது. வயிற்றில் கட்டிக்கொண்டு தாவலாம் என்றால் தொங்கவும் இரண்டு கை வேண்டுமே.

"நீ மட்டுமாவது வா," என்று தலைமைக் குரங்கு தயங்கித் தயங்கிச் சொன்னது.

"நான் இங்கேயே இருந்துக்கறேன். நீங்க போங்க," என்றது செவந்தி.

ஒவ்வொரு குரங்காகத் தாவியது. குட்டிகள் தாவின. கடைசிக் குரங்கும் தாவியபின் கிளை ஆடி ஆடி நின்றது. அக்கரையில் கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

செவந்தி ஆற்றோரம் இறங்கியது. பூஞ்சியின் வலது கையை விரித்து வைத்து, அதற்குள் அடங்குகிற ஒரு சிப்பியைத் தேடி எடுத்தது. ஓரம் கூராக இருக்கிறதா என்று பார்த்தது. மணலில் வதங்கிக் கிடந்த கடைசி மாங்காயைக் கல்லிடுக்கில் நிறுத்திவைத்து, மகளோடு ஒட்டி உட்கார்ந்தது.

"மெதுவா சீவு. அமுக்காதே."

தோல் சுருள் சுருளாக வந்தது. பூஞ்சி பாதியில் நிறுத்தி நிமிர்ந்து பார்த்தது.

"அம்மா, நீ மேலே போகலையா?"

"போகலைடி," என்றது செவந்தி. வளைக்குள் இருந்த நண்டு கேட்டுக்கொண்டே இருந்தது, வெளியே வரவில்லை.

குழந்தைக்கு முதல் கத்தி கொடுப்பவர்கள் அதன் இன்றைய கைக்கு அளவெடுத்துக் கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகு பக்கத்திலேயே உட்கார வேண்டும்.